ஹெச்.எல். போடுவதற்கு முன்

1993இல் கொல்கத்தாவில் ஒரு பிராகிருத அகராதி அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். முதல் நாளே சுருக்கக் குறிகளின் பட்டியல் ஒன்றைக் கையில் திணித்தார்கள். பாதி புரியவில்லை. பக்கத்து மேஜை சேஷாத்ரி சாரிடம் கேட்டேன். பெஹாலாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். பழைய சுவடிகளைப் படித்துச் சொற்களைக் கார்டில் எழுதுவது அவர் வேலை.

"சார், ஹெச்.எல்.னா என்ன?"

"ஹாபாக்ஸ் லெகோமெனான். கிரேக்கம். கெடச்ச நூல் அத்தனையிலும் ஒரே ஒரு எடத்துல மட்டும் வர்ற சொல்லுக்குப் போடுவா. போட்டுட்டா அப்புறம் ஒருத்தரும் தேட மாட்டா. அதனால முன்னாடியே கார்டு டிராயரை நன்னாப் பாத்துடும்மா."

ஆறு வருஷம் ஒழுங்காகப் பார்த்தேன்.

ஏழாவது வருஷம் பூஜை லீவுக்கு முன்னால் பக்கங்கள் பிரஸ்ஸுக்குப் போக வேண்டும் என்று எடிட்டர் கழுத்தை நெரித்தார். ஒரு செடியின் பெயர் வந்தது. டிராயரைத் திறந்தேன், ஒரே ஒரு கார்டு. ஹெச்.எல். என்று அடித்து அனுப்பிவிட்டேன்.

புத்தகம் வந்த அன்று சேஷாத்ரி சார் சந்தேஷ் இனிப்புப் பெட்டியோடு வந்தார். புதிதாக ஒரு சான்றைக் கண்டுபிடித்தவரின் பெயரை அந்தச் சொல்லுக்குக் கீழே அச்சிடுவது எங்கள் வழக்கம். அதே செடியின் பெயரைச் செல்லரித்த சுவடி ஒன்றில் அவர் கண்டுபிடித்திருந்தார். முப்பது வருஷ வேலையில் அவர் பெயர் அச்சேற இருந்த ஒரே இடம்.

பக்கத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நான் குடுத்த கார்டு?"

என் மேஜை ட்ரேயில், காகிதங்களுக்கு அடியில் இருந்தது. டிராயரில் கோர்க்கச் சோம்பல்பட்டு அங்கே போட்டிருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சரி, விடும்மா. கடைசி வால்யூம்ல பிழைதிருத்தம் போடுவா" என்றார். எடிட்டரிடம் கார்டைத் தாமதமாகக் கொடுத்தது தான்தான் என்று சொல்லிவிட்டார். சந்தேஷை எல்லாருக்கும் கொடுத்தார். எனக்கும்தான்.

2004இல் அலுவலகத்தை மூடினார்கள். கடைசி வால்யூம் வரவேயில்லை. அடுத்த வருஷம் பெஹாலாவில் சார் காலமானார்.

அகராதி வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. வேறெங்கும் இல்லை என்று எழுதுவதற்கு முன் உங்கள் மேஜையைப் பாருங்கள். அந்தக் கார்டு இன்றும் என்னிடம்தான் இருக்கிறது. அகராதியில் ஹெச்.எல். என்றுதான் இருக்கிறது.