சனிக்கிழமை ஒழியாத வீடு

1. மாறும் நாள்

விடுமுறை வீட்டு வேலையில் சனிக்கிழமைதான் பெரிய நாள். காலையில் ஒரு கூட்டம் பெட்டி கட்டிப் போகும். மத்தியானம் அடுத்த கூட்டம் வந்து இறங்கும். இடையில் கிடைக்கிற நேரத்துக்குள் பெட்சீட் மாற்றி, நுளம்பு வலை உதறி, பாத்ரூம் தேய்த்து, முந்தியவர்களின் மணமே இல்லாதபடி வீட்டைப் புதிதாக்க வேண்டும். அந்த வேலைக்குப் போன முதல் நாளே முதலாளி எனக்கு இதைச் சொல்லித் தந்தார்.

"ஸ்டெல்லா, இது ஹொட்டேல் இல்லை, வீடு. வாறவை தங்கட வீடு எண்டு நினைக்கோணும். ஆனா சனிக்கிழமை விடிஞ்சா அது அவையின்ர வீடு இல்லை எண்டும் விளங்கோணும். இரண்டையும் சிரிச்சுக்கொண்டு செய்யத் தெரிஞ்சா நீங்கள் நல்ல ஹவுஸ்கீப்பர்."

எழுபதுகளின் கடைசிப் பகுதி. திருகோணமலைக்குப் பக்கத்தில், நிலாவெளிக் கரையில் ஹொட்டேல்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். முதலாளி கொழும்பில் வியாபாரம் செய்தவர். கடலைப் பார்த்தபடி பெரிய விறாந்தையும் பின்னால் தனிக் குசினியுமாக ஒரு பங்களா கட்டி, வெளிநாட்டுக்காரருக்கு வாடகைக்கு விட்டார். கொன்வென்ற்றில் படித்த இங்கிலிஷ் கையில் இருந்ததால் அந்த வேலை எனக்குக் கிடைத்தது. ரவுணில் லிங்கநகரிலிருந்து காலை பஸ்ஸில் போய் மாலையில் திரும்புவேன். என் கணவருக்குத் துறைமுகத்தில் நாட்கூலி. கப்பல் வராவிட்டால் வேலையும் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகளின் படிப்பு என் சம்பளத்தில்தான் ஓடியது.

சமையலுக்கு ஹனீபா நானா. கிண்ணியாவைச் சேர்ந்தவர். நேவி பேஸ் இங்கிலிஷ்காரரிடம் இருந்த காலத்தில் அவர்களுக்குச் சமைத்துக் கை பழகியவர். குசினிக்குப் பக்கத்து அறையிலேயே தங்கியிருப்பார். பங்களாவுக்கு நாங்கள் இரண்டு பேர்தான்.

2. விறாந்தையில் இருந்தவர்

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை இத்தாலியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். இருவருக்கும் அறுபது வயதிருக்கும். மனைவியின் பெயர் ரோசா. அவருக்கு இங்கிலிஷ் ஓரளவு வரும். கணவருக்குச் சில சொற்கள் மட்டும். அவரை நாங்கள் 'சேர்' என்றே கூப்பிட்டோம்.

நான் கார்க் கதவைத் திறந்து கை நீட்டினேன். அவர் பிடிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி எனக்குத் தலை சாய்த்துவிட்டுத் தானாகவே படியேறினார். பாதியில் நின்று கடலைப் பார்ப்பதுபோல மூச்சு வாங்கினார். மெலிந்த மனிதர், உடுப்பு அவருடைய அளவுக்குத் தைத்ததாகவே தெரியவில்லை.

பகல் முழுக்க விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருப்பார். கரைவலை இழுப்பவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னடி பின்னடியாய் வருவதை அசையாமல் பார்ப்பார். வலை கரை சேர்ந்ததும் தானும் இழுத்தவர்போல் பெருமூச்சு விடுவார். அவர்களும் போகும்போது அவருக்குக் கை காட்டுவார்கள்.

சாப்பாடு மட்டும் அப்படியே திரும்பி வந்தது. ஹனீபா நானாவுக்கு அது பெரிய மனத்தாங்கல்.

"என்ட சமையல்ல என்ன பிழை தங்கச்சி? இங்கிலிஷ்காரக் கப்டன் கோப்பைய வழிச்சுத் திண்டவன். இந்த மனிசன் முள்ளுக்கரண்டியால கிளறிப்போட்டு அனுப்புறான்."

"பயணக் களைப்பாயிருக்கும் நானா."

"இத்தன நாளாவா களைப்பு?"

என்னை வேறொரு விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது. ரோசா அம்மா என்னைப் படுக்கையறைக்குள் விடவில்லை. பெட்சீட் மாற்ற வேண்டும் என்றால், கதவடியில் நின்று புதியதை வாங்கிக்கொள்வார். பழையது வெளியே வராது. காசு கொடுத்து விடுமுறைக்கு வந்த ஒருவர் தானே வேலை செய்கிறார் என்றால், உள்ளே நாங்கள் பார்க்கக் கூடாத ஏதோ இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

3. கிணற்றடியில்

ஒருநாள் நான் வழமையைவிட முந்திய பஸ்ஸில் போனேன். கிணற்றடிக் கல்லில் குந்தியிருந்து அந்த அம்மா பெட்சீட் கழுவிக்கொண்டிருந்தார். வெள்ளைத் துணியில் பழுப்பேறிய இரத்தக் கறை. என்னைக் கண்டதும் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். மடியெல்லாம் ஈரம்.

நான் பக்கத்தில் குந்தியிருந்து துணியை வாங்கினேன். கொஞ்ச நேரம் தரமாட்டேன் என்று இறுக்கிப் பிடித்திருந்தார். பிறகு விட்டுவிட்டார். இரத்தக் கறைக்கு வெந்நீர் ஆகாது, பச்சைத்தண்ணீரும் உப்பும்தான் என்று சொல்லி நானே கசக்கினேன். அப்போதுதான் கதைக்கத் தொடங்கினார்.

கணவருக்கு வயிற்றில் புற்றுநோய். அவர்களுடைய டொக்டர்மார் கைவிட்டு ஒரு வருஷமாகிறது. அவர்களுடைய நாட்டில் தெற்கே, கடலோரத்தில் ஒவ்வொரு கோடையும் ஒரே வீட்டை எடுப்பார்களாம். எலுமிச்சைத் தோட்டத்துக்கு நடுவில் வெள்ளை வீடு. கலியாணமான வருஷத்திலிருந்து போன வருஷம் வரை. அந்தத் தெருவில் அவரைத் தெரியாத ஆள் இல்லை.

"போன கோடையில் ஒவ்வொருவராக வந்தார்கள். கையைப் பிடித்துப் பார்த்தார்கள். வெளியே போய் அழுதார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் சாப்பாடு கொண்டுவந்து வாசலில் நின்று குசுகுசுத்தார்கள். அவர், 'நான் உள்ளே உயிரோடு இருக்க, இவர்கள் வெளியே செத்தவீடு நடத்துகிறார்கள்' என்றார். தன்னைத் தெரியாத ஒரு கடற்கரை வேண்டும் என்றார். இங்கே அவர் நோயாளி இல்லை. விடுமுறைக்கு வந்தவர்."

என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று மட்டும் கேட்டார். "உங்களுக்குத் தெரியும் என்பது உங்கள் முகத்தில் தெரியக் கூடாது. மத்தியானம் என்ன சாப்பாடு என்று, வந்த அன்று கேட்ட அதே குரலில் கேளுங்கள்."

குசினிக்குப் போய் நானாவிடம் சொன்னேன். அவர் அடுப்பைத் தணித்தார். பிறகு சேர்ட்டை மாற்றி, தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டு தானே விறாந்தைக்குப் போனார்.

"சேர், லஞ்சுக்கு என்ன?"

அவர் யோசித்து, "மீன். எலுமிச்சை" என்றார்.

நானா கரைவலைக்காரரிடம் துள்ளத் துள்ள ஒரு பாரை வாங்கிவந்து நெருப்பில் வாட்டினார். மேசை விரித்து, தண்ணீர்க் கிளாஸ் துடைத்து, ஒரு குறையும் இல்லாமல் வைத்தோம். அவர் ஒரு சிறு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி, "நல்லது" என்றார். அதற்குமேல் இறங்கவில்லை. பின்னேரம் நானா பச்சையரிசிக் கஞ்சியை வடித்துத் தண்ணீரை மட்டும் கோப்பையில் கொடுத்தார். அது இறங்கியது. அன்றிலிருந்து மத்தியானம் அவர் கேட்டதைச் சமைப்பதும் பின்னேரம் கேட்காத கஞ்சியைக் கொடுப்பதும் நானாவின் வேலையாயிற்று. தட்டு திரும்பி வந்தால் முறைப்பாடு இல்லை.

4. ட்ரங்க் கோல்

அவர்களுடைய புக்கிங் ஒரு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அந்தக் கிழமை நடுவில் அவரால் கட்டிலை விட்டு எழும்ப முடியாமற் போயிற்று. நான் ரவுணுக்குப் போய் ஒரு டொக்டரைக் காரில் கூட்டிவந்தேன். அவர் பார்த்து, நோவுக்கு ஊசி போட்டுவிட்டு, என்னை விறாந்தைக்குக் கூப்பிட்டார்.

"ஆஸ்பத்திரி வாட்டில கட்டில் எடுத்துத் தரலாம். ஆனா இந்த நிலைமையில ரோட்டில கொண்டு போனா ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் தாங்க மாட்டார். அசைக்காதேங்கோ. கனநாள் இல்லை."

முதலாளிக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. தபால் கந்தோருக்குப் போய் ட்ரங்க் கோல் எடுத்தேன். அந்தக் காலத்தில் கொழும்புக்குக் கதைப்பதென்றால் கத்த வேண்டும். முத்திரை வாங்க வந்தவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்க, "சேர், அவர் சாகப்போறார்! அசைக்க ஏலாதாம்!" என்று நான் கத்தினேன். கத்திச் சொல்கிற விஷயமா அது?

"சனிக்கிழமை ஆர் வாறார் எண்டு தெரியுமோ உங்களுக்கு?" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "என்ர புது ஹொட்டேல் பெர்மிட் அவரின்ர மேசையில கிடக்கு. குடும்பத்தோட வாறார். அதோட, அந்த வீட்டில ஒரு சாவு விழுந்தா பிறகு ஆர் வந்து தங்குவினம்? ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ச் சேருங்கோ."

"டொக்டர் சொல்றார் சேர், வழியிலயே..."

"வழியில எண்டா அது வழியில. உங்களால ஏலாதெண்டாச் சொல்லுங்கோ, செய்ய ஆள் இருக்கு."

லைன் அறுந்தது.

திரும்பி வந்து நானாவிடம் சொன்னேன். "மௌத்துக்குக் கிடக்கிற மனிசனத் தூக்கி ரோட்டில வைக்கச் சொல்றாரா?" என்றார். "என்ட கையால அது ஏலாது. நீ என்ன செய்யப்போற தங்கச்சி?"

"தெரியாது நானா" என்றேன். உண்மையிலேயே தெரியாது.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். அந்த மாதம் துறைமுகத்தில் அவருக்கு வேலை குறைவு. "உமக்குச் சரி எண்டு படுறதைச் செய்யும்" என்றார். "கப்பல் வராமலா போகப்போகுது."

5. சப்பாத்து

சனிக்கிழமை நான் போனபோது படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. கட்டிய இரண்டு பெட்டிகளும் வாசலில் இருந்தன. சேர் கட்டில் விளிம்பில் இருந்தார். சவரம் செய்து, நீளக் காற்சட்டை, கோட், தொப்பி. காலில் சப்பாத்து, நாடா இறுக்கிக் கட்டியிருந்தது. இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். 

ரோசா அம்மா சுவரோடு நின்றார். "எங்கள் நாள் முடிந்துவிட்டது என்கிறார். இன்னொருவருடைய நாளில் இருக்க மாட்டேன் என்கிறார். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன்."

சேர் என்னைப் பார்த்து, "ஹவுஸ் ஃபினிஷ். வி கோ" என்றார்.

 அந்த நேரம் வெளியே கார் ஹோர்ன் கேட்டது.

நான் போய், காருக்குப் படலையைத் திறந்துவிடாமல், வெளியே வந்து அதைச் சாத்திவிட்டு நின்றேன். காரில் முதலாளி சொன்னவர், பெர்மிட் கொடுக்கிற அந்த உத்தியோகத்தரும் மனைவியும் பின்னால் பிள்ளைகளும். கொழும்பிலிருந்து இரவிரவாக வந்த களைப்பு எல்லார் முகத்திலும்.

"திறவுங்கோவன்" என்றார் உத்தியோகத்தர்.

"மன்னிக்கோணும் சேர். வீடு ஒழியேல்லை. உள்ள ஒருத்தர் சாகக் கிடக்கிறார். அசைக்கக் கூடாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்."

"என்ன கதை இது? உங்கட முதலாளி நேற்றும் கதைச்சவர், எல்லாம் ரெடி எண்டு. ஆரைக் கேட்டு மறிக்கிறீர்?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை சேர். நான்தான் மறிக்கிறன்."

அவர் கோபத்தோடு ஏதோ சொல்லத் தொடங்கினார். அதற்குள் அவருடைய மனைவி இறங்கிவிட்டார்.  படலையைத் தள்ளிக்கொண்டு போய், படியடியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

அறை வாசலில் அவரைக் கண்டதும் சேர் எழும்பப் பார்த்தார். ஒரு பெண் வந்தால் எழும்ப வேண்டும் என்பது அவர்களுடைய மரியாதை. பாதி எழும்பி, முடியாமல் திரும்பவும் கட்டிலில் இருந்துவிட்டார். தொப்பியை மட்டும் கழற்றினார். "ப்ளீஸ். கம் இன். வி கோ நவ்" என்றார்.

உத்தியோகத்தரின் மனைவி கை கூப்பினார்.  திரும்பி வந்து காரில் ஏறி, புருஷனிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"அந்த மனிசன் எங்களுக்காகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு இருக்கிறார். அந்தக் கட்டிலில என்னால படுக்க ஏலாது. ரவுணில எங்கயாவது இடம் பாப்பம், திருப்புங்கோ."

 உத்தியோகத்தர் காரைத் திருப்பினார்.

நான் உள்ளே போனேன். "அவர்கள் வரவில்லை, சேர். வீட்டுக்கு வேறு ஆட்கள் இல்லை. நீங்கள் இருக்கலாம்" என்றேன்.

"ஆங்கிரி?" என்று கேட்டார்.

"இல்லை. அவர்களுக்கு ரவுணில் தங்கத்தான் விருப்பம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நம்பினாரோ தெரியாது. நான் நிலத்தில் குந்தியிருந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தேன். கால் வீங்கியிருந்ததால் மெல்ல மெல்லத்தான் கழன்றது. இரண்டாவது கழன்றதும் அவர் பின்னால் சாய்ந்து படுத்தார். ரோசா அம்மா பெட்டியைத் திறந்து இரவு உடுப்பை எடுத்தார். அப்போதுதான் முதன்முறையாக அவர் அழுததைக் கண்டேன்.

6. திறப்பு

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எங்கள் பங்குச் சுவாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் எண்ணெயைச் சேருக்குப் பூசினார். அடுத்த நாள் பின்னேரம், ஜன்னல் திறந்திருக்க, மனைவியின் கை நெஞ்சில் இருக்க, அவர் போய்விட்டார்.

நாட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம், இங்கேயே அடக்கம் செய்யச் சொன்னவர் என்றார் ரோசா அம்மா. ரவுண் சேமக்காலையில் குழி வெட்டினார்கள். டொக்டர் வந்தார். என் கணவரும் பிள்ளைகளும் வந்தார்கள். ஹனீபா நானா தூரத்தில் நின்று கையேந்திப் பிரார்த்தித்தார். கரைவலைக்காரரை ஒருவரும் கூப்பிடவில்லை. பஸ் பிடித்து வந்து, பெட்டியை அவர்களே தோளில் தூக்கினார்கள்.

ரோசா அம்மா கொழும்புக்குப் போன அன்றே முதலாளி வந்து இறங்கினார்.

"நான் சொன்னது விளங்கேல்லையோ?"

"விளங்கினது சேர்."

"பிறகேன்?"

"நீங்கள் வந்து பாத்திருந்தா நீங்களும் இதைத்தான் செய்திருப்பியள்."

அவர் படுக்கையறை வாசல்வரை போனார். நாங்கள் கட்டிலை வெயிலில் போட்டிருந்தோம், அறை வெறுமையாக இருந்தது. திரும்பி வந்து, "திறப்பைத் தாங்கோ" என்றார். வீட்டுச் சாவியைக் கொடுத்தேன், வேலையும் அதோடு போயிற்று. நானாவும் விலகப் பார்த்தார். ஏழு பிள்ளைகளின் தகப்பன். வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன்.

சில மாதங்கள் வீட்டில் கஷ்டம்தான். பிறகு கரையில் வேறொரு ஹொட்டேலில், பெட்சீட் துவாய் வைக்கிற லினன் ரூமில் சேர்ந்து, அறைகளுக்குப் பொறுப்பாளராக வந்தேன். அந்தப் பங்களாவுக்கும் ஆட்கள் வருவது நிற்கவில்லை என்று நானா சொன்னார். உத்தியோகத்தர் பெர்மிட்டில் கையெழுத்து வைத்தாரோ இல்லையோ, நான் விசாரிக்கவில்லை.

வேலை பழக வந்த பெண் பிள்ளைகள் என்னிடம் ஓடிவருவார்கள். "மிஸ், அந்த அறையில கதவு திறக்கினமில்லை." "மிஸ், நேரம் போயிட்டுது, எழும்பினமில்லை." நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: உள்ளே போய்ப் பார்த்தீரோ? முதலாளி பார்க்கவில்லை. உத்தியோகத்தரும் காரை விட்டு இறங்கிப் பார்க்கவில்லை. அவருடைய மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அதன் பிறகு அவருக்கு ஒருவரும் ஒன்றும் எடுத்துச் சொல்லத் தேவைப்படவில்லை. பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: போய்ப் பார்த்துவிட்டு நீங்கள் என்ன முடிவெடுத்தாலும், நல்லதோ கெட்டதோ, அது உங்களுடைய முடிவு. பார்க்காமல் செய்தால், யாரோ தூரத்திலிருந்து சொன்னதற்கு நீங்கள் கை கொடுத்ததாகவே இருக்கும்.