ஆபீசரை வீட்டுக்குக் கூட்டிவந்த டிரைவரம்மா

பேருந்தில் குழந்தை வீறிட்டு அழுதால் அது தாயின் கையாலாகாத்தனம் என்பதில் டிரைவரம்மாவுக்கு என்றுமே சந்தேகம் இருந்ததில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் அந்தத் தாயை ஒரு பார்வை பார்ப்பாள். சில நாள் வாயும் திறப்பாள். "பிள்ளைய அடக்கத் தெரியாதவங்கல்லாம் எதுக்குத்தான் வெளிய கிளம்புறாங்களோ!" தனக்குப் பிள்ளை இல்லாததால் பிள்ளை வளர்ப்பில் அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

அந்த அறிவு வீணாகக் கூடாதென்றோ என்னவோ, வேறொரு நாட்டிலிருந்து ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுக்க அவளுக்கும் அவள் கணவருக்கும் அனுமதி கிடைத்தது. டெப்போ மேனேஜரிடம் போய் விடுப்பு கேட்டாள்.

"பிரசவம்னா லீவு உண்டு. இது பிரசவம் இல்லையேம்மா."

"ஆமா சார், கடைக்குப் போய் ஒண்ணு வாங்கிட்டு வர்ற மாதிரிதான்" என்று சொல்லிவிட்டுச் சம்பளமில்லா விடுப்பில் கிளம்பினாள்.

அந்த நாட்டில், மலைமேல் இருந்த குழந்தைகள் காப்பகத்தின் வரவேற்பறையில் அந்த மூன்று வயதுக்காரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து இருவரையும் உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். வேலைக்கு மனுப் போட்டவர்களிடம் குறை தேடும் பார்வை. குழந்தையின் சொந்தப் பெயர் இவர்கள் நாக்குக்குப் பிடிபடவில்லை. அதனால் கணவர் "ஆபீசர்" என்று கூப்பிட ஆரம்பித்தார். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் மனிதர், பொறுமைசாலி. தினமும் ஆபீசருக்குத் தங்கள் பாஷையைச் சொல்லிக்கொடுத்தார். அம்மா, அப்பா, தண்ணி, பூ. ஆபீசர் எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. டிரைவரம்மா கணவரிடம் அடிக்கடி சொல்லும் "சும்மா இரு" மட்டும் ஆபீசருக்குப் பிடித்துப்போனது.

பயண அனுமதிக்கு ஒரு முத்திரை பாக்கி. அதைக் குத்த வேண்டியவர் ஊருக்குப் போயிருந்தார். முத்திரையும் அவர் மேஜைக்குள் பூட்டிக் கிடந்தது. காத்துக் காத்துக் கணவரின் விடுப்பு தீர்ந்தது. "நீ தைரியசாலி, தனியாச் சமாளிச்சிருவ" என்று பட்டம் கொடுத்துவிட்டு முன்னால் போய்விட்டார். தைரியசாலிப் பட்டம் எந்தச் சமயத்தில் வழங்கப்படும் என்பது மணமான பெண்களுக்குத் தெரியும்.

முத்திரை விழுந்த மறுநாள் காப்பகத்தின் வேன் இருவரையும் மலையிலிருந்து இறக்கியது. ஊரையே ஏற்றிக்கொண்டு வளைவுகளில் திருப்பியவள், பின் சீட்டில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். ஆபீசர் ஆர்வத்தோடு பார்த்தார்.

முதல் விமானத்தில் ஆபீசர் தூங்கினார். அடுத்த விமானம் பிடிக்க இறங்கிய நிலையத்தில் விழித்துக்கொண்டார். விமானம் தாமதம் என்று பலகை சொன்னது. எவ்வளவு தாமதம் என்று கேட்டால் மட்டும் எல்லோரும் புன்னகைத்தார்கள். ஆபீசர் டிரைவரம்மாவின் மடியை நனைத்தார். குழந்தைக்கு மூன்று அளவில் மாற்றுடை எடுத்து வைத்திருந்தவள் தனக்கென்று ஒன்றும் கையில் வைக்கவில்லை. பிறகு ஆபீசர் தரையில் படுத்துக்கொண்டு ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக் கத்தினார். பசியா, வலியா, ஒன்றும் விளங்கவில்லை.

துடைப்பத்தோடு வந்த பெண் நின்று காது கொடுத்துக் கேட்டாள். ஆபீசரின் ஊர்க்காரியாம். பல ஊர்ப் பயணிகளிடம் பொறுக்கிய அரைகுறைப் பேச்சும் அவளிடம் இருந்தது.

"வேன் எப்ப வரும்... கேக்குது. திரும்பிப் போக."

பேருந்து எப்ப வரும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "வரும், வரும்" என்றே பதில் சொன்னவள் டிரைவரம்மா. நாக்கு நுனிவரை அதே வார்த்தை வந்தது. விழுங்கிவிட்டாள்.

"வேன் வராதுன்னு சொல்லுங்கம்மா. நான் இருக்கேன்னு சொல்லுங்க."

அவள் சொன்னாள். உண்மைக்கு உடனே பலன் கிடைத்தது. கத்தல் இரண்டு மடங்கானது. கத்தி ஓய்ந்ததும் ஆபீசர் எழுந்து வந்து டிரைவரம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். பாசம் என்று சொல்ல முடியாது. கட்டிக்கொள்ள அங்கே வேறு கழுத்து இல்லை.

இரண்டாவது விமானத்தில் சீட் பெல்ட் ஆபீசருக்கு ஒத்துவரவில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தால் மட்டும் அமைதி. விமானம் பறந்தது, டிரைவரம்மா நடந்தாள். பாதி தூரம் நடந்தே வந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. "காது அடைச்சிருக்கும்மா." "பசியோ என்னவோ." "ஒரு பாட்டுப் பாடினா தூங்கிரும்." பாடினாள். போதும் என்று முன்வரிசையில் கேட்டுக்கொண்டார்கள். ஜன்னலோரத்துப் பெண் தன் கணவரிடம் காதில் விழும்படியே சொன்னாள்: "பிள்ளைய அடக்கத் தெரியல பாருங்க."

டிரைவரம்மாவின் முகம் சுட்டது. பதில் சொல்ல அவளுக்கு எந்த யோக்கியதையும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள்.

சொந்த நாட்டில் இறங்கியதும் கடவுச்சீட்டு அதிகாரி குழந்தையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு பொட்டு ஜாடையும் இல்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து குனிந்து, "பாப்பா, இவங்க யாரு?" என்றார்.

"சும்மா இரு" என்றார் ஆபீசர்.

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம வீட்டுப் பிள்ளைதான், சந்தேகமே இல்ல" என்று முத்திரை குத்தினார். அந்த முத்திரைக்கு மூன்று நொடிகூட ஆகவில்லை.

வீட்டு வாசலில் நாத்தனார் பலூனோடு நின்றாள். "என்ன அண்ணி, நல்லா ஊர் சுத்திட்டு வந்தாச்சா? முகமே தெளிஞ்சிருக்கு!" கணவர் கையை நீட்டினார். ஆபீசர் ஒரே தாவாகத் தாவி அவரிடம் போய்விட்டார். "அப்பா செல்லம்! பாத்தீங்களா, அப்பா செல்லம்!" என்று நாத்தனார் குதித்தாள்.

யாராவது வாங்கிக்கொள்ள மாட்டார்களா என்றுதான் டிரைவரம்மா வழியெல்லாம் ஏங்கினாள். வாங்கிக்கொண்ட பிறகு இடுப்பு வெறுமையாக இருந்தது. கோபம் கோபமாக வந்தது. பிள்ளையைச் சுமந்தது இவள், பட்டம் அவருக்கு. குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டாள்.

தலையில் தண்ணீர் விழுவதற்குள் வெளியே ஓர் அலறல். இரண்டு விமானங்களும் கேட்டிராத அலறல். கதவில் சின்னக் கைகள் விடாமல் அடித்தன. "இங்க வாடா கண்ணு, அப்பா இருக்கேன்ல" என்ற கணவரின் குரலுக்கு மதிப்பே இல்லை. துண்டைச் சுற்றிக்கொண்டு தாழை விலக்கினாள். ஆபீசர் உள்ளே எட்டிப் பார்த்து, ஆள் இருப்பதை உறுதி செய்துகொண்டு, அழுகையை நிறுத்தி, ஈரக் கால்மிதியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அதன்பின் பல மாதம் அந்த வீட்டில் டிரைவரம்மா கதவைத் திறந்து வைத்துத்தான் குளித்தாள். "இப்படி இடம் கொடுத்தா பிள்ளை உருப்பட்ட மாதிரிதான்" என்று நாத்தனார் கண்டித்தாள். அவளுக்கும் பிள்ளைகள் இல்லை. நாத்தனார் வரும் நாட்களில் மட்டும் டிரைவரம்மா குளியலை மறுநாளைக்குத் தள்ளி வைத்தாள்.