பிரேக் அக்கா கேட்ட படம்

வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிற காரில் ஆசிரியர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். பழகுகிறவர் கோட்டை விட்டால் ஆசிரியர் அதை மிதித்து எல்லோர் உயிரையும் காப்பாற்றலாம். பல வருஷமாக ஆசிரியையாக அதன்மேல் கால் வைத்திருந்ததால் அவளுக்கு பிரேக் அக்கா என்றே பெயராகிவிட்டது. ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் ஒரு காலத்தில் அவளிடம் திட்டு வாங்கியவர்கள்.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வாய் ஓயாத மனிதர். ஒரு முற்பகலில் வேலைக்குப் போகிற வழியில், கடைத்தெரு நடைபாதையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அந்தப் பக்கமாக வந்த ஒரு போலீஸ்காரர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டுக் கூடவே இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. அந்த நேரத்தில் பிரேக் அக்கா ஒரு கல்லூரி மாணவிக்கு மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அழுது ஓய்ந்த பிறகும் ஒரு விஷயம் அவள் மனசைப் போட்டு அரித்தது. அவருடைய சட்டைப் பையில் போன் இருந்தது. அதில் சார்ஜ் இருந்தது. முதல் நம்பரே அவளுடையதுதான். அவ்வளவு நேரம் ரோட்டில் கிடந்திருக்கிறார், ஒருத்தருக்குக்கூட அவளைக் கூப்பிடத் தோன்றவில்லையா? கூப்பிட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் பறந்து போயிருப்பாளே.

அந்தக் கேள்வியோடு ஸ்டேஷனுக்குப் போனாள். அந்தப் போலீஸ்காரரைப் பார்க்க விடவில்லை. "எதுவா இருந்தாலும் எழுதிக் குடுங்கம்மா" என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள். திரும்பும்போது அங்கே நின்ற காவலர்களின் மார்பில் சின்னதாக ஒரு கேமரா மாட்டியிருந்ததைக் கவனித்தாள். அன்றைக்கு அவரும் மாட்டியிருந்திருப்பார் அல்லவா?

அந்தக் கேமராவில் பதிவான படத்தைக் கேட்டு முறைப்படி மனு போட்டாள். ஒரு மாசம் கழித்து அரைப் பக்கத்தில் பதில் வந்தது. படத்தில் பொதுமக்கள் முகங்கள் இருப்பதாலும், இறந்தவரின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டியிருப்பதாலும் தர இயலாது.

"விடும்மா" என்றாள் மகள். பல் ஆஸ்பத்திரி வேலை முடிந்து நேராக அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். "பார்த்து என்ன பண்ணப் போற? அப்பா எழுந்து வரப் போறாரா?"

"வரமாட்டார். அது எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் எதுக்கு? அவரை அந்தக் கோலத்துல பார்த்துட்டு நீ தூங்குவியா?"

"இப்ப மட்டும் தூங்குறேனாக்கும்."

அம்மா வகுப்பு எடுப்பதையே நிறுத்தி வைத்திருந்தாள். மறுபடி ஆரம்பித்துப் பார்த்த இரண்டு நாளும், எதிரே ஒன்றும் இல்லாமலே கால் தானாக பிரேக்கை அழுத்தியது. வண்டி குலுங்கிக் குலுங்கி நின்றதில், பழக வந்த பெரியவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "நான் ஓட்டுறேனா, நீங்க ஓட்டுறீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டார்.

வந்த பதிலைக் கையில் எடுத்துக்கொண்டு பிரேக் அக்கா மனு வாங்குகிற அலுவலகத்துக்கே போனாள். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்ததும் எழுந்துவிட்டார். ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் மூன்று முறை தேர்வில் கோட்டைவிட்ட பழைய மாணவர்.

"அக்கா, உங்களுக்குன்னு நான் தனியா எதுவும் செய்ய முடியாது. ஆனா யார் வந்து கேட்டாலும் சொல்றதைச் சொல்றேன். இதுக்கு மேல்முறையீடு இருக்கு. அதைக் கேட்குறதுக்கு வேற அதிகாரி, போலீஸ் ஆளு இல்ல."

"அதை இந்தப் பேப்பர்ல போடலையே?"

"பின்பக்கம் பாருங்க. பொடி எழுத்துல இருக்கும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. இந்தப் படத்தையெல்லாம் கொஞ்ச நாள்தான் வெச்சிருப்பாங்க. அப்புறம் அதுவா அழிஞ்சிடும். மேல்முறையீடு முடியற வரைக்கும் அழிக்கக்கூடாதுன்னு இன்னைக்கே தனியா ஒரு மனு குடுத்து முத்திரை வாங்கிக்கோங்க."

அவள் அவரிடமே ஒரு பேப்பரைக் கேட்டு வாங்கினாள். அங்கேயே நின்று, சுவரில் பேப்பரை வைத்து எழுதினாள். முத்திரை விழுகிற சத்தம் கேட்டபிறகுதான் மூச்சு வந்தது.

"இப்ப ரிவர்ஸ் வருதா?" என்று கிளம்பும்போது கேட்டாள்.

"வருதுக்கா. வீட்டுச் சுவர்தான் கொஞ்சம் தள்ளி நிக்கணும்."

எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்தாள்.

மேல்முறையீட்டு விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. நீள மேஜை, தண்ணீர் ஜாடி, திறக்க வராத ஜன்னல். மேஜையின் ஒரு முனையில் மேல்முறையீட்டு அதிகாரி, கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்தியிருந்த ஒரு அம்மா. எதிரே போலீஸ் தரப்பில் ஆவணப் பிரிவு அதிகாரி. பிரேக் அக்காவின் பக்கத்தில் மகள். வரமாட்டேன் என்று சொன்னவள், காலையில் தானே வண்டியை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் ஹாரன் அடித்தாள்.

"ரோட்டுல போனவங்க முகமெல்லாம் அதுல இருக்கு மேடம்" என்று ஆவண அதிகாரி ஆரம்பித்தார். "அதோட, இறந்தவர் கீழே கிடக்கறதை வெளியில குடுக்கறது அவருக்கு மரியாதை இல்ல. அவரோட அந்தரங்கம்னு ஒண்ணு இருக்கு."

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று மேல்முறையீட்டு அதிகாரி பிரேக் அக்கா பக்கம் திரும்பினார்.

வீட்டில் எழுதி மனப்பாடம் செய்ததெல்லாம் காற்றில் போய்விட்டது. "ரோட்டுல போனவங்களை நான் பார்க்க வரல மேடம். அவங்க முகத்தை மறைச்சே குடுக்கட்டும்." ஆவண அதிகாரியைப் பார்த்தாள். "அப்புறம், அவரோட அந்தரங்கம்னு சொன்னீங்களே சார், அதுல பாதி என்னோடது. அவர் குறட்டை எந்த சுருதியில ஆரம்பிக்கும்னு தெரிஞ்சவ நான். என்கிட்டயிருந்து யாருக்காக அதைக் காப்பாத்துறீங்க?"

ஆவண அதிகாரி தண்ணீர் ஜாடியை அநாவசியமாக நகர்த்தி வைத்தார். மேல்முறையீட்டு அதிகாரி, "முகத்தை மறைக்கிற வசதி உங்ககிட்ட இருக்கா?" என்று அவரைக் கேட்டார்.

"இருக்கு மேடம். ஆனா நேரம் பிடிக்கும்."

"நேரம் பிடிக்கும்ங்கறது தரமாட்டேன்னு சொல்றதுக்குக் காரணம் ஆகாதே."

ஆவண அதிகாரி கொஞ்சம் தயங்கினார். "இதை வெச்சு எங்க ஆள் மேல கேஸ் போட்டுடுவாங்களோன்னு மேல யோசிக்கிறாங்க மேடம்."

"எதுக்குக் கேக்கறாங்கன்னு நாம கேக்கவே கூடாது. சட்டம் அப்படித்தான் சொல்லுது" என்று அந்த அம்மா பேனாவை மூடினார்.

உத்தரவு இவள் பக்கம் வந்தது. அதற்குப் பிறகும் இழுத்தடித்தார்கள். முகம் மறைக்கிற ஆள் லீவு என்றார்கள், மெஷின் பழுது என்றார்கள். பிரேக் அக்கா வாரம் தவறாமல் போய் நின்றாள். கடைசியில் அவள் தலையைக் கண்டதுமே நாற்காலி போடுகிற அளவுக்கு வந்தது. ஒருநாள் கையெழுத்து வாங்கிக்கொண்டு படத்தைக் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மகளின் லேப்டாப்பில் இருவரும் பார்த்தார்கள். மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கேமரா போலீஸ்காரரின் மார்பில் இருந்ததால் அவர் முகம் தெரியவில்லை. இரண்டு கைகளும் ஒரு இளம் குரலும் மட்டுந்தான். வீட்டுக்காரரை ஏற்கெனவே நடைபாதையில் படுக்க வைத்திருந்தார். அவருடைய சட்டையையே கழற்றி மடித்துத் தலைக்கு வைத்திருந்தார். சுற்றி நின்றவர்களின் முகங்கள் பஞ்சுப்பொதிபோல மங்கலாக இருந்தன. வீட்டுக்காரரின் முகம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. வேர்த்திருந்தது. ஆனால் பேசிக்கொண்டுதான் இருந்தார்.

"வீட்டுக்குப் போன் போடட்டுமாங்க? மனைவி நம்பர் இதுதானே?" என்றது இளம் குரல்.

"போடாதீங்க தம்பி, போடாதீங்க." அவர் கையைத் தூக்கித் தடுத்தார். "இந்நேரம் கிளாஸ்ல இருப்பா. பக்கத்துல எவனாச்சும் புதுசா ஓட்டிட்டு இருப்பான். இவ பதறினா அவன் வண்டியை எங்கயாச்சும் கொண்டுபோய் விட்டுடுவான். பத்து மணிக்கு முடிஞ்சிடும். அப்புறமா போடுங்க."

"சரிங்க. பேசாம இருங்க, ஆம்புலன்ஸ் வந்துட்டே இருக்கு."

"பேசாம இருன்னு அவளும்தான் சொல்லுவா" என்றார் அவர். "யார் கேட்டா."

போலீஸ்காரரின் கை அவர் கையைப் பற்றிக்கொண்டது. ஸ்ட்ரெச்சர் வருகிற வரை விடவில்லை.

பிரேக் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து மகள் தோளை அணைத்தாள். பார்த்தால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டக் கொட்ட. "பாத்தியாடி, சாகக் கிடக்கறப்பவும் என்னை நம்பல. வண்டியை விட்டுடுவேனாம்!"

"உன்னை இல்லம்மா, பக்கத்துல இருக்கறவனைத்தான் நம்பல" என்றாள் மகள். அவளும் சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். மறுபடி ஒருமுறை பார்க்கலாமா என்று அவள்தான் முதலில் கேட்டாள்.

அடுத்த வாரம் பிரேக் அக்கா ஸ்டேஷனுக்குப் போனபோது இந்த முறை உள்ளே விட்டார்கள். அந்தப் போலீஸ்காரர் எழுந்து நின்றார். மகள் வயசுதான் இருக்கும்.

"அன்னைக்கு நான் போன் போட்டிருக்கணும்மா" என்றார். "உங்களைப் பார்த்துச் சொல்லணும்னு இருந்தேன். பேசக்கூடாதுன்னுட்டாங்க."

"போட்டிருந்தா அவர் பயந்த மாதிரியேதான் ஆகியிருக்கும் தம்பி. கையைப் பிடிச்சிட்டு இருந்தீங்களே, அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்." அவள் உட்கார்ந்தாள். "ஒண்ணே ஒண்ணு கேட்கட்டுமா? படம் பாதியில இருந்துதானே ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "நான் போறப்ப அவர் ஒரு நாற்காலிக் கடை வாசல்ல, விற்பனைக்குப் போட்டிருந்த சோபாவுல உட்கார்ந்திருந்தாரும்மா. நெஞ்சுல ஒரு கை. கடைக்காரர் எழுப்பப் பார்க்கிறாரு. இவர் நகராம, இதுல தூசி ஒட்டுமா, உறையைக் கழட்டித் துவைக்கலாமான்னு கேட்டுட்டு இருந்தாரு."

"வாங்குற மாதிரியா?"

"வாங்குற மாதிரியேதாம்மா. அந்தக் கடைக்காரரும் பாவம், துவைக்கலாம் சார்னு சொல்லிட்டாரு."

பிரேக் அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "என்ன கலர் தம்பி?" என்று கேட்டுக்கொண்டு நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டாள்.