சூளைத் துளையில் என் மகள் பார்த்தது

நான் வேலை செய்யும் பீங்கான் கம்பெனியில் தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு பெண் வந்து சூளைக்குள் எட்டிப் பார்க்கிறார். ஷார்ஜாவுக்கு நான் வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. வெயில் பழகிவிட்டது, குப்பூஸ் ரொட்டி பழகிவிட்டது, வெள்ளிக்கிழமை விடுமுறை பழகிவிட்டது. இது மட்டும் பழகவில்லை. அவர் பெயர் நாதியா. எகிப்துக்காரர், சூளைக்குப் பொறுப்பான என்ஜினீயர். தலைத்துணியைக் கழுத்தோடு இறுக்கிச் செருகிக்கொண்டு, நீலக் கண்ணாடியைக் கண்ணுக்கு முன் பிடித்து, செங்கல் சுவரில் இருக்கும் சின்னத் துளையில் நெருப்பின் நிறம் பார்ப்பார். அந்த நேரத்தில் ஆண்கள் நாங்கள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு, அவர் என்ன சொல்லப்போகிறார் என்று நிற்போம்.

முதல் நாள் நான் அவரைத் தடுத்துவிட்டேன். அவர் துளையை நோக்கி வருவதைப் பார்த்ததும், யோசிக்காமல், இரண்டு கைகளையும் விரித்துக் குறுக்கே நின்றேன். அவர் நின்றார். என்னைப் பார்த்தார், பிறகு குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். தலைத்துணியின் முனை அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதை உள்ளே செருகி, கையுறை மாட்டி, "ஷுக்ரன்" என்று எனக்கு நன்றி சொல்லிவிட்டு என்னைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தார். மத்தியானம் பஷீர் பாய் வந்தார். எங்கள் ஊருக்குப் பக்கத்து மங்கலம்பேட்டைக்காரர், எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர், அரபி நன்றாகப் பேசுவார். "என்னாண்ணே, வந்த மொத நாளே மேடத்த மடக்கிட்ட. துணி நெருப்புல பட்டுருக்கும், புது ஆளு கவனமா தடுத்தாருன்னு ஆபீஸ்ல சொல்லிக்கிட்டு இருக்குது" என்றார். மறுநாளிலிருந்து, மணிக்கு ஒரு தடவை சூளையின் மீட்டர்களைப் பார்த்து எண்ணை எழுதி வைக்கும் வேலை எனக்கு வந்தது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவனுக்கு எண் எழுதத் தெரியும். ஆனால் நான் அவரைத் தடுத்தது துணிக்காக இல்லை என்பதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

எங்கள் ஊர் விருத்தாசலத்தில் பீங்கான் வேலை தெரிந்தவர்களுக்கு நான் எதற்காகக் கையை விரித்தேன் என்று சொல்லாமலே புரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் இருந்த பட்டறையில் ஊறுகாய் ஜாடியும் ப்யூஸ் கட்டையும் செய்தோம். அச்சிலிருந்து எடுத்த ஜாடியின் விளிம்பை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துச் சமன் செய்வது பெண்கள். சுட்டால் பளபளக்கும் மெருகுப் பாலில் முக்கி எடுப்பது பெண்கள். பலகையில் அடுக்கிச் சூளை வாசல் வரை தலையில் சுமந்து வருவதும் பெண்கள்தான். வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, கற்பூரம் ஏற்றி, எலுமிச்சம்பழம் நறுக்கி, நெருப்பு வைத்தோமானால், சூளை ஆறித் திறக்கும் வரைக்கும் அவர்கள் அந்தப் பக்கம் வரக் கூடாது. எல்லாப் பட்டறையிலும் அப்படியா என்று தெரியாது, எங்களிடம் அப்படித்தான். யார் ஏற்படுத்தினார்கள் என்று நான் கேட்டதில்லை. சரக்கு வெடித்துவிட்டால், "எந்தப் பொம்பள வந்தா?" என்பதுதான் முதல் கேள்வி.

என் மகள் மேகலா சின்ன வயதில் கேள்வியாகவே இருந்தாள். பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்து வந்து, சுடாத ப்யூஸ் கட்டை ஒன்றையும் சுட்ட கட்டை ஒன்றையும் அளந்து பார்த்துவிட்டு, "ஏம்ப்பா சுட்டா சின்னதாவுது?" என்றாள். "சூடு பட்டா சுருங்கும்மா" என்றேன். "தோச சுருங்கலயே?" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இரும்பு சூடு பட்டா நீளும்னு டீச்சர் சொன்னாங்களே, அப்ப மண்ணு மட்டும் ஏன் வேற மாதிரி?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் கூச்சம். நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. மகளிடம் சொல்ல வேண்டியதைக்கூட மனைவி அஞ்சலையிடம் சொல்லி, "அவகிட்ட சொல்லு" என்பதுதான் என் வழக்கம்.

அவள் ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒரு மழைக்காலம். எனக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்தாள். சூளை எரிந்துகொண்டிருந்தது. பட்டறையில் வேறு யாரும் இல்லை. "ஒரே ஒரு தடவ பாக்கறேம்ப்பா" என்றாள். "சீக்கிரம் பாத்துட்டு ஓடு" என்றேன். முனைக்காலில் நின்று துளையில் கண்ணை வைத்தாள். "யப்பா, உள்ள நெருப்பே தெரியல. ஜாடிதான் நெருப்பா இருக்குது" என்றாள். அவள் திரும்பும்போது எதிரே வேலைக்கு வந்த இரண்டு பேர் பார்த்துவிட்டார்கள். மூன்றாம் நாள் சூளையைப் பிரித்தால், பாதி ஜாடிகள் வெடித்துச் சில்லாகக் கிடந்தன. விஷயம் மாலைக்குள் தெருவெல்லாம் பரவியது. முதலாளி கோபிக்கவில்லை. "சின்னப் புள்ள, தெரியாம வந்துருச்சு" என்று மன்னித்தார். அந்த மன்னிப்புதான் அவளுக்குத் தாங்கவில்லை. அஞ்சலை அவளை நிற்க வைத்து எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள். மேகலா என்னைப் பார்த்தபடியே நின்றாள். நான் வாயைத் திறக்கவில்லை.

ஏன் வெடித்தது என்று எனக்குத் தெரியும். மழையில் ஜாடிகள் சரியாகக் காயவில்லை. அப்படிப்பட்ட சரக்கை முதல் பத்து மணி நேரம் சின்ன நெருப்பில் வைத்து ஈரத்தை வாங்க வேண்டும். மறுநாள் ஸ்ரீமுஷ்ணத்தில் மைத்துனன் கல்யாணம். போய்ச் சேர வேண்டுமே என்ற அவசரத்தில் ஐந்து மணி நேரத்திலேயே நெருப்பை ஏற்றிவிட்டேன். எத்தனை மணி நேரம் எரித்தாய் என்று ஒருவர் கேட்டிருந்தால் நான் சொல்லித்தான் இருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. மேகலா அதற்குப் பிறகு பட்டறைக்கு வரவில்லை. என்னிடம் கேள்வி கேட்பதையும் விட்டுவிட்டாள்.

இங்கே சரக்கை வண்டியில் அடுக்கித்தான் சூளைக்குள் தள்ளுவோம். சில மாதம் முன்பு அப்படி ஒரு வண்டிச் சரக்கு வெடித்தது. கை கழுவும் தொட்டிகள், அத்தனையும் பாழ். நான் பயந்துபோய் நின்றேன். நாதியா மேடம் நோட்டை வாங்கி நான் எழுதிய எண்களின் மேல் விரலை ஓட்டினார். பிறகு தொட்டிகளைக் காய வைக்கும் அறைக்குப் போய், எத்தனை மணி நேரம் காய்ந்தன என்று கேட்டார். யார் வந்தார்கள் என்று கேட்கவே இல்லை. அன்று அவரிடம் பேச வேண்டும் போல இருந்தது. வீட்டில் எப்படி இந்த வேலைக்கு விட்டார்கள் என்று கேட்க நினைத்து, எனக்குத் தெரிந்த நாலு வார்த்தையைக் கூட்டி, "மேடம், யூ… கில்ன்… ஹூ பெர்மிஷன்?" என்றேன். அவர் புருவத்தைச் சுருக்கி, சட்டையில் மாட்டியிருந்த கம்பெனி அட்டையை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினார். பஷீர் பாய் சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டார். பிறகு அவர் என் கேள்வியை அரபியில் சொல்ல, மேடம் நீளமாக என்னமோ சொன்னார். பாய் சுருக்கிச் சொன்னார்: "அவங்க அத்தா வேணாம்னும் சொல்லலியாம், சரின்னும் சொல்லலியாம். சும்மா இருந்தாராம். அத இவங்க சரின்னு எடுத்துக்கிட்டாங்களாம்." எல்லா வீட்டிலும் அப்பாவின் மௌனத்தை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. என் வீட்டில் அதற்கு வேறு அர்த்தம் ஆகிவிட்டது. இந்த ஊரையும் நான் உயர்த்திச் சொல்ல வரவில்லை. அத்தனை ஆண்களுக்கு நடுவே அவர் ஒருத்தர்தான் பெண். தனியாக உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்.

அந்த வாரமே வீட்டிலிருந்து கடிதம் வந்தது. மேகலா பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். நம் ஊரிலேயே பீங்கான் தொழில்நுட்ப டிப்ளமோவுக்கு இடம் கிடைத்திருந்தது. டீச்சர்தான் வற்புறுத்தி மனு போட வைத்தாராம். "அவ மாமா டைப் கத்துக்கட்டும்ங்கறாரு, நீங்க சொல்றதுதான்" என்று அஞ்சலை சொல்லி எழுத வைத்திருந்தாள். கீழே மேகலாவே நாலு வரி எழுதியிருந்தாள்: "அப்பா, எனக்குப் படிக்க ஆசைதான். ஆனால் சூளைகிட்ட போக வேண்டியிருக்கும். அன்னைக்கு மாதிரி ஆயிட்டா எல்லாருக்கும் நஷ்டம். அதனால வேண்டாம்னு நினைக்கிறேன்." கடிதம் வந்து சேரவே பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. கல்லூரியில் சேரக் கடைசி நாளுக்கு இன்னும் மூன்று நாள்தான் பாக்கி.

மத்தியான ஷிப்ட் முடிந்ததும் டெலிபோன் பூத்துக்குப் போனேன். எங்கள் தெரு மளிகைக் கடைக்கு போன் போட்டால் கூப்பிட்டு விடுவார்கள். அஞ்சலை மூச்சு வாங்க வந்தாள்.

"என்னாங்க, ஒடம்பு நல்லா இருக்குதா? லெட்டர் வந்துதா?"

"வந்துது. மேகலாகிட்ட குடு."

"அவகிட்டயா? ஏங்க, எதுனா தப்பு பண்ணிட்டாளா?"

இங்கே வந்ததிலிருந்து அவளை நான் போனில் கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. அவள் வந்து "அப்பா" என்றாள்.

"அன்னைக்கு ஜாடி வெடிச்சுதுல்ல, அது நீ பாத்ததால இல்லம்மா" என்றேன். "ஜாடிங்க ஈரமா இருந்துது. கல்யாணத்துக்குப் போவணும்னு நான்தான் நெருப்ப சீக்கிரம் ஏத்திட்டேன்."

மறுமுனையில் கடைக்காரர் யாருக்கோ துவரம்பருப்பு விலை சொல்வது கேட்டது.

"உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"அஞ்சு வருஷமாவா?"

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டாள்: "எத்தினி மணி நேரத்துல ஏத்துனீங்க?"

"அஞ்சு. பத்து வுட்டுருக்கணும்."

"பாதி நேரத்துல ஏத்துனா உள்ள இருக்கற தண்ணி எப்பிடிப்பா வெளிய போவும்? ஆவியாயி மண்ண ஒடச்சிக்கிட்டுதான வரும்? இது எட்டாவது பாடத்துலயே இருக்குதுப்பா!"

என்னை யாரும் அப்படித் திட்டியதில்லை. நான் பூத்துக்குள் தலையை ஆட்டிக்கொண்டே நின்றேன். "நாளைக்கே போயி சேந்துடும்மா" என்றேன்.

"சேர்றேன். மொதல்ல அம்மாகிட்ட குடுக்கறேன். இப்ப சொன்னத அவங்ககிட்டயும் சொல்லுங்க. அவங்கதான் எனக்கு எலுமிச்சம்பழம் சுத்துனாங்க."

சொன்னேன். "அடப்பாவி மனுஷா" என்று அஞ்சலை கத்தியது கடையில் எல்லாருக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும். தெருவெல்லாம் பரவ வேண்டிய செய்திதான் அது.

இதை வாசிக்கும் அப்பாக்களுக்குப் புத்தி சொல்லும் படிப்பு எனக்கில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். பெண்பிள்ளை என்ஜினீயர் ஆக வேண்டும் என்று மேடையில் பேசுவது சுலபம். நம் தப்பு எதையாவது அவள் தலையில் இறக்கி வைத்திருக்கிறோமா என்று பார்ப்பது கஷ்டம். அதை எடுத்துவிட்டால் போதும். மிச்சத்தை அவளே கேட்டுக்கொள்வாள்.

இப்போது அவள் கடிதங்கள் முழுக்கக் கேள்வி. இங்குள்ள சூளை எத்தனை அடி நீளம், வண்டி எவ்வளவு வேகத்தில் நகர்கிறது, காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று கேட்டாள். நான் அடி வைத்து அளந்து எழுதி அனுப்பினேன். போன வாரம் ஒரு பெரிய தாள் வந்தது. பார்க்காத சூளையை அங்கே உட்கார்ந்து ஸ்கேல் வைத்து வரைந்து அனுப்பியிருக்கிறாள். நடுவில் மட்டும் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு, "அப்பா, இங்க எவ்வளவு சூடு? நீங்க நிரப்புங்க" என்று எழுதியிருந்தாள். அதைக் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.

எங்கள் அறையில் எல்லாருடைய கட்டிலுக்கு மேலேயும் ஊரில் கட்டப்போகும் வீட்டின் பிளான் ஒட்டியிருக்கும். புதிதாக வந்திருக்கும் பண்ருட்டிக்காரர் நேற்று என் தாளை உற்றுப் பார்த்தார்.

"உங்க வூடாண்ணே? ரொம்ப நீட்டமா இருக்குதே. எத்தினி ரூமு?"

"ஒண்ணுதான்" என்றேன்.

"வாசலு?"

"ரெண்டு. ஒண்ணுல உள்ள போவணும், இன்னொண்ணுல வெளிய வரணும்."

"கட்டறது ஊர்லயா, இங்கயா?"

நான் பென்சிலை எடுத்து, நடுவில் இருந்த அந்தக் காலிக் கட்டத்தில் காலையில் மீட்டரில் பார்த்த சூட்டை எழுதினேன்.