கரீம் பாயின் வெப்சைட்டுக்கு வந்தது யார்?

கண்ணால் பார்க்க முடியாத ஆட்களை எண்ணிச் சொல்வதுதான் வெப்சைட்டுக்காரன் பிழைப்பு. தொண்ணூறுகளின் கடைசியில், ஓசூரில் ஒரு மாடி அறையில், நானும் நண்பன் ரமேஷும் அந்தப் பிழைப்பை ஆரம்பித்தோம். பக்கத்தைத் திறந்த தடவைகளை எண்ணிக்கொண்டு அதன் அடியில் ஓடும் ஹிட் கவுண்டரை நம்பி மோசம் போனவர்கள் யாராவது இருந்தால், வாருங்கள், என் பக்கத்தில் உட்காருங்கள்.

எங்கள் முதல் வாடிக்கையாளர் பர்கூர் கரீம் பாய். கிரானைட் பாலிஷ் பட்டறை வைத்திருந்தார். "தீபாவளி வரைக்கும் பாப்பேன். வெளியாள் எவனும் எட்டிப் பாக்கலைன்னா சைட்டை எடுத்துடுவேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். மற்ற முதலாளிகள் எல்லாம் பாய் என்ன சொல்கிறார் என்றுதான் காத்திருந்தார்கள். அவர் எடுத்தால் எங்கள் கடையின் ஷட்டரும் இறங்கும்.

போணி

திறப்பு நாளில் கவுண்டர் ஆறு சுழியம் காட்டியது. முதல் ஹிட் ராசியான கையால்தான் விழவேண்டும் என்றார் பாய். கல்லுக்குத் தண்ணீர் விடும் முனியம்மா அக்காவைக் கூப்பிட்டார்கள். அவர் முதல் தண்ணீர் ஊற்றிய கல் விரிசல் விட்டதே இல்லையாம்.

அக்கா முந்தானையில் கை துடைத்துக்கொண்டு மவுஸை அமுக்கினார். மோடம் கீச்சிட்டது, கரகரத்தது, ஒருவழியாகப் பக்கம் வந்தது. கடைசிச் சுழியம் ஒன்றாக மாறியதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பட்டறையே கை தட்டியது. அக்கா மட்டும் திரையை ஏற இறங்கப் பார்த்தார்: "ஒண்ணு காட்டறதுக்கா இவ்ளோ நேரம் கத்திகினு இருந்துச்சு இந்தப் பொட்டி?"

சாக்பீஸ் எண்

பட்டறை மேனேஜர் நாகப்பா தினமும் காலையில் அன்றைய எண்ணை, வாசலில் கிடந்த உடைந்த பலகைக் கல்லில் சாக்பீஸால் எழுதி வைப்பார். முதல் வாரம் அறுபது. பிறகு நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது என்று ஏற ஆரம்பித்தது. லாரிக்காரர்கள் நிறுத்திப் படித்துவிட்டுப் போனார்கள். அந்தக் கல்லைப் பார்ப்பதற்கென்றே நான் பஸ் ஏறிப் போவேன்.

சர்வரில் லாக் என்று ஒன்று இருந்தது. யார், எந்த ஊர் இணைப்பிலிருந்து, எந்தப் பக்கத்தைப் பார்த்தார் என்று வரி வரியாகச் சொல்லும். கவுண்டர்தான் ஓடுகிறதே, அதை ஏன் திறப்பானேன் என்று இருந்துவிட்டோம். வீட்டில் கன்னடம் பேசும், அந்த வழக்கில் என்னைக் 'குரு' என்றே கூப்பிடும் ரமேஷ் துள்ளிக்கொண்டிருந்தான்: "குரு, இன்னும் பத்து கம்பெனி வரிசையில நிக்கப்போகுது. நீ மொதல்ல சத்தமா பேசக் கத்துக்கோ!"

பூஜையில் உட்கார்ந்த கம்ப்யூட்டர்

ஆயுத பூஜை வந்தது. பட்டறை ஆட்கள் கட்டிங் மெஷினுக்கும் உளிக்கும் பொட்டு வைத்த கையோடு கம்ப்யூட்டருக்கும் சந்தனம் பூசி மாலை போட்டார்கள். பாய் எல்லோருக்கும் பொரி, கடலை, இனிப்பு கொடுத்தார்.

மறுநாள் எங்கள் அறையிலிருந்து பக்கத்தைத் திறந்தேன். முந்தைய நாளைவிட நான்குதான் கூடியிருந்தது. அதில் ஒன்று, இப்போது திறந்த நான்! பர்கூருக்கு ஓடினேன். நாகப்பா தலையைச் சொறிந்தார். "இன்னா சார் புதுசா கேக்கறீங்க? தினமும் வேலை முடிஞ்சதும் ஆளுக்கு அஞ்சாறு தடவை நாங்கதான் அமுக்குவோம். முதலாளி சைட்டு, எண்ணு ஏறணுமில்ல? நேத்து பூஜைல வெச்ச மெஷினை எப்பிடித் தொடறது?"

மிச்சம் மூன்று

அறைக்குத் திரும்பி, முதன்முறையாக லாக்கைத் திறந்தோம். முந்தைய வாரங்கள் முழுக்க பர்கூர் இணைப்பு. பூஜை நாளில் மட்டும் மூன்று வரிகள் தனியாக நின்றன. மூன்றும் இத்தாலி! ரமேஷ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். இன்னும் உற்றுப் பார்த்தால், மூன்றும் ஒரே இணைப்பு. ஒரே ஆள் மூன்று தடவை வந்திருக்கிறான். முதலில் கறுப்புக் கல்லின் படம், அடுத்த முறை அளவுப் பட்டியல், கடைசியில் விலாசம்.

"மூணுன்னே சொல்லிடு" என்றான் ரமேஷ். எனக்கு மனசு வரவில்லை. பாய் எதிரே நின்று, எப்போதும் போல மெல்லிய குரலில், ஏறிய எண் எல்லாம் நம் ஆட்கள்தான், வெளியாள் ஒரே ஒருத்தர் என்று சொல்லி, அவர் பார்த்த வரிசையை எழுதிய தாளைக் காட்டினேன். சைட் போச்சு என்றே நினைத்தேன். பாய் தாளை வாங்கி, கல்லைத் தடவுவதுபோல விரலால் தடவினார். அளவுப் பட்டியல் வரியில் விரல் நின்றது. முகம் மலர்ந்துவிட்டது.

"கல்லு யார்டுக்குச் சும்மா வர்றவன் விலையைக் கேப்பான், டீ குடிப்பான், போயிடுவான். வாங்குறவன்தான் திரும்பத் திரும்ப வந்து அளவு பாப்பான். தம்பி, சைட்டு இருக்கட்டும். அந்தக் கறுப்புக் கல்லு படத்தை இன்னும் பெருசாப் போடு!"

அன்றிலிருந்து யாருக்கு வெப்சைட் போட்டுக் கொடுத்தாலும், வாரத்தில் ஒரு நாளாவது உங்கள் கம்ப்யூட்டருக்கு மாலை போட்டு உட்கார வைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்குகிறேன்.