மாதம் ஒரு ஞாயிறு

போன வாரம் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது வெள்ளிமலை பஸ் வந்து பக்கத்தில் நின்றது. கதவு திறந்ததும் அந்த வாசனை வந்தது. பலாப்பழம், ஈரச் சாக்கு, கசக்கிய எலுமிச்சை, குழந்தைகள் எடுத்த வாந்தி. நான்கும் சேர்ந்தால்தான் அது மலை பஸ். ஒரு சின்னப் பெண் எலுமிச்சம்பழத்தைப் பிடித்தபடி வெளிறிய முகத்தோடு இறங்கினாள். அவள் அம்மா குனிந்து வாயைத் துடைத்துவிட்டாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் நான் ஏற வேண்டிய பஸ் போய்விட்டது. ஓடிப் பிடிக்கத் தெம்பும் இல்லை, அவசரமும் இல்லை.

நாங்கள் கல்வராயன் மலையில் நடந்தே ஏறியதற்கு இந்த வாந்திதான் காரணம் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். என் மகள் கயலுக்கு முதல் வளைவிலேயே குமட்டும் என்பது உண்மைதான். ஆனால் வாந்தி எடுக்கும் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டும் போகலாம். அல்லது போகாமலே இருக்கலாம். நாங்கள் போனதற்கு வேறு காரணம் இருந்தது.

அப்போது எங்களுடையது கூட்டுக் குடும்பம். அண்ணன் உரக்கடை வைத்திருந்தார். நான் ஒரு நாளிதழின் தாலுகா நிருபர். அடுப்படி அண்ணியின் ஆட்சி. என் மனைவி மல்லிகா அங்கே இரண்டாவது ஆள். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை என்பதால் ஊருக்கே விடுமுறை என்று நினைப்போம். ரிஷிவந்தியத்திலிருந்து சொந்தக்காரர்கள் காலையிலேயே வந்து இறங்குவார்கள். கறி வரும். மசாலா அரைக்கும் சத்தத்தில் ஆரம்பித்து, கடைசிப் பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பது வரைக்கும் இரண்டு பெண்களும் உட்கார மாட்டார்கள். நான் செய்தித்தாளை விரித்து, போட்டிப் பத்திரிகை எதை விட்டுவிட்டது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டுக்குள் நடந்த செய்தியை நான் விட்டிருந்தேன்.

என் மகன் இளங்கோவுக்கு மூன்று வயது ஆகப்போகிறது, பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்டது. சொன்னதைச் செய்தான். வாயை மட்டும் திறக்கவில்லை. டாக்டர் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். சொந்தக்காரர்கள் பொறுக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் மல்லிகா ஒரு நாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அறிவித்தாள்: "மலைச்சாமிக்கு வேண்டிக்கினு இருக்கேன். புள்ள வாயத் தொறக்கற வரைக்கும் மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம நடந்தே ஏறி வந்து கும்புடறேன்னு."

அண்ணி கரண்டியோடு நின்றாள். "ஞாயித்துக்கெழமதானா? மத்த நாள்ல சாமி இருக்காதா?"

"இவருக்கு லீவு அன்னிக்குத்தானேக்கா" என்று என் பக்கம் கை காட்டினாள்.

வேண்டுதலை யாரும் எதிர்க்க முடியாது. அண்ணன் தட்டைப் பார்த்தபடி, "சாமி காரியம், போய்ட்டு வரட்டும்" என்றார். நிபந்தனை, கால அளவு, கிழமை எல்லாம் ஒரே வாக்கியத்தில் அடங்கியிருந்ததை நான் தொழில்முறையில் ரசித்தேன். அதில் எவ்வளவு வேண்டுதல், எவ்வளவு விடுமுறை என்று நான் கேட்கவில்லை. அவளுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

கோமுகி அணையைத் தாண்டி, மலைச் சாலை தொடங்கும் இடத்தில் இறங்கிக்கொள்வோம். அங்கிருந்து ஒற்றையடிப் பாதை. மேலே இருப்பவர்கள் கடுக்காய் மூட்டையோடு கச்சிராயபாளையம் சந்தைக்கு இறங்கி வரும் வழி அது. நான் இளங்கோவைத் தோளில் வைத்துக்கொள்வேன். மல்லிகாவிடம் புளிச்சோற்றுத் தூக்கு. கயல் வெறுங்கை. ஆனாலும் அவள்தான் முதலில் களைப்பாள். "இன்னும் எவ்ளோ தூரம்பா?" என்று கேட்பாள். "அதோ அந்தப் பாறை" என்பேன். பாறை வந்ததும், "இது வேற பாறை" என்பேன். குழந்தையோடு மலை ஏறியவர்கள் எல்லோரும் இப்படிப் பொய் சொன்னவர்கள்தான், நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

சாமிக்குக் கூரை கிடையாது. மரத்தடியில் மஞ்சள் பூசிய மூன்று கற்கள். கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு முடிக்கச் சிறிது நேரம் போதும். மீதி நேரமெல்லாம் பக்கத்து ஓடையில். மல்லிகா ஒரு பாறையில் உட்கார்ந்து கால்களைத் தண்ணீருக்குள் விட்டுக்கொள்வாள். குழந்தைகளைக் கூப்பிட மாட்டாள். என்னோடும் பேச மாட்டாள். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும் என் மனைவியை நான் முதலில் பார்த்தது அங்கேதான்.

மழைக்காலம் முடிந்த ஒரு மாதம், ஏற்றத்தில் பாதி வழியில் மூச்சு வாங்க நின்றேன். தோளுக்கு மேலிருந்து ஒரு குரல் கேட்டது.

"எறக்கு."

கயல் கத்தினாள். "ம்மா, தம்பி பேசறான்!"

மல்லிகா தூக்கைக் கீழே போட்டுவிட்டு அவனை வாங்கிக்கொண்டாள். அழுதாள். அவன் அதைக் கண்டுகொள்ளாமல் மறுபடியும் "எறக்கு" என்றான். அவளுக்கு அது இன்னும் பெரிய அழுகையைக் கொண்டுவந்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"வூட்ல சொல்லிக்கினு இருக்காதீங்க. ஒரு வார்த்த பேச்சாவுமா?"

"ஆகாது" என்றேன். உறுதிப்படுத்தாமல் வெளியிடக் கூடாது என்பது என் தொழிலில் உள்ளதுதான்.

கயல் யோசித்தாள். "சாமிக்குத் தெரியுமில்ல?"

"தெரியும். அவரு யார்கிட்டயும் சொல்ல மாட்டாரு. நீயும் சொல்லாத" என்றாள் மல்லிகா.

அதன் பிறகு ஒவ்வொரு முறையும் மலையில் ஒன்றிரண்டு வார்த்தைகள் சேர்ந்தன. தண்ணி. கல்லு. இன்னொரு கல்லு. வீட்டுக்கு வந்தால் பையன் வாயை மூடிக்கொள்வான். அந்த வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அவனுக்கு முறை வரவில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது. எங்களுக்கு அது வசதியாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. பையன் பேச வேண்டும், ஆனால் இந்த மாதம் வேண்டாம் என்று ஒரு தாய் நினைப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை அண்ணி உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு அவன் தலையைப் பிடித்தாள். அவன் திமிறிக்கொண்டு சொன்னான்: "பெரிம்மா, எண்ண வாணாம். நாங்க மலைக்கிப் போவணும்."

எண்ணெய்க் கிண்ணம் உருண்டது. அண்ணி போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. அண்ணன் உடனே சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டார். அந்த ஆரவாரத்துக்கு நடுவில் அண்ணி திரும்பி மல்லிகாவைப் பார்த்தாள்.

"இன்னாடி இது, மொதப் பேச்சே இவ்ளோ நீட்டா பேசறான்?"

மல்லிகா கொட்டிய எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வேண்டுதல் நிறைவேறினால் குடும்பத்தோடு போய்ப் பொங்கல் வைக்க வேண்டும். அண்ணன் வேன் பிடித்தார். ரிஷிவந்தியம் மொத்தமும் வந்தது. இரண்டு சேவல்கள், அண்டா, அரிசி மூட்டை, அம்மிக்குழவி கூட ஏறின. சாலை வளைவில் வேனை நிறுத்திக் கொஞ்ச தூரம்தான் நடை. அதற்கே ஆண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஓடைக்கரையில் மல்லிகா பெரிய அடுப்பு மூட்டினாள், புகையில் கண் கசக்கினாள், எல்லோருக்கும் பரிமாறினாள். எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை முழுசாக மலையேறி வந்திருந்தது.

சாப்பாடு முடிந்ததும் அண்ணி அண்டாவைக் கழுவ ஓடைக்குப் போனாள். கழுவினாள். பிறகு பாறையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கால்கள் தண்ணீருக்குள் இருந்தன. பக்கத்தில் மல்லிகா தட்டுகளை அலசிக்கொண்டிருந்தாள். நான் குடத்தோடு பின்னால் நின்றது அவர்களுக்குத் தெரியாது.

"இதுக்குத்தான் வந்துக்கினு இருந்தியா?"

"ஆமாக்கா."

"என்னய ஒருவாட்டி கூப்டியாடி?"

மல்லிகா கை நின்றது. "கூப்டிருந்தா வந்திருப்பீங்களா?"

"வந்திருக்க மாட்டேன்." அண்ணி தண்ணீரையே பார்த்தாள். "ஆனா கூப்டிருக்கலாம்."

மேலே மரத்தடியிலிருந்து அண்ணன் குரல் கொடுத்தார். "இன்னாம்மா, டீ வைக்கலியா?" இருவரும் எழுந்தார்கள்.

அத்தோடு எங்கள் மலையேற்றம் முடிந்தது. சாமிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாகிவிட்டது, இனி என்ன சொல்லிக்கொண்டு போவது? சில வருடங்களில் வீடு பாகம் பிரிந்தது. அண்ணன் தியாகதுருகத்துக்குப் போனார். பழைய வீட்டை வாங்கியவர் இடித்துவிட்டுக் கடைகள் கட்டினார். சந்தைக்கு மூட்டைகள் வேனில் இறங்க ஆரம்பித்ததும் அந்த ஒற்றையடிப் பாதையில் ஆள் நடமாட்டம் நின்று, உண்ணிச்செடி மூடிக்கொண்டது. கயல் கோயம்புத்தூரில் இருக்கிறாள். இளங்கோவுக்குச் சென்னையில் நாளெல்லாம் போனில் பேசுகிற வேலை. எங்களோடு பேசும்போது களைத்திருக்கிறான்.

மல்லிகாவுக்கு எல்லா ஞாயிறும் கிடைத்தது. அவள் அண்ணிக்குப் போன் செய்து மலைக்குக் கூப்பிடுவாள். "இந்த வாரம் மருமவ வூட்ல இருந்து வராங்கடி, கறி எடுக்கணும்" என்பாள் அண்ணி. அடுத்த முறை பேரனுக்குக் காய்ச்சல். அதற்கடுத்து, மூட்டு வலி ஜாஸ்தி, கொஞ்சம் கம்மி ஆகட்டும். மல்லிகா விடாமல் கூப்பிட்டாள். அண்ணியும் விடாமல், "அடுத்த மாசம் கண்டிப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அண்ணியின் பதினாறாம் நாள் காரியம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. நல்ல கூட்டம். சமையலுக்கு ஆள் வைத்திருந்தார்கள்.