கடைத்தெருவில் ஒரு மிராசுதார்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். பெருமை அதைவிடச் சீக்கிரம் வரும். அந்தக் குறுவை அறுவடையில் இரண்டும் ஒரே நாளில் வந்தன. முதலில் வந்தது பெருமை.

திருவாரூர்ப் பக்கம் மூன்று அறுவடை மெஷின் வைத்திருக்கும் ஒருவருக்குச் செல்போன் செயலி ஒன்று எழுதிக் கொடுத்திருந்தேன். எந்த வயலுக்கு மெஷின் வேண்டும் என்று விவசாயிகளே அதில் பதிவு செய்துகொள்ளலாம். பாஸ்வேர்டு கிடையாது. போனில் ஏற்கெனவே இருக்கும் சமூக ஊடகக் கணக்கைச் செயலியோடு இணைத்துவிட்டேன். பொத்தானை ஒரு தட்டு தட்டினால் உள்ளே போய்விடலாம். "போன் நம்பருக்கு ஓடிபி அனுப்பினாப் போதாதா?" என்று மெஷின்காரர் கேட்டார். அதெல்லாம் பழைய முறை என்று அவர் வாயை அடைத்தேன். கூடவே என் மூளையில் உதித்த ஒரு விதியும் வைத்தேன்: ஒரு கணக்குக்கு ஒரு பதிவுதான். அதே கணக்கில் திரும்பப் பதிவு போட்டால் புதியது நிற்கும், பழையது அழியும்.

எங்கள் வீட்டில் விவசாயி என் மாமியார்தான். ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர். நான் நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பதை அவர் ஒரு வேலையாக ஒப்புக்கொண்டதே இல்லை. "உக்காந்துகிட்டே எப்புடி அசதி வருது ஒனக்கு?" என்பார். அப்படிப்பட்டவர், செயலி வந்த முதல் நாள் விடியற்காலையில், காபிகூடக் குடிக்காமல் தன் போனில் மெஷினுக்குப் பதிவு போட்டார். மருமகள் செய்தது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வயலுக்குப் போனார். அன்று சாயங்காலம் மழை வரும் என்று பேச்சு. கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. மழையில் பயிர் படுத்துவிட்டால் நெல் வயலிலேயே முளைத்துவிடும். அவ்வளவு நாள் பாடும் வீணாகும்.

பத்து மணிக்கு மாமியாரின் போன் வந்தது.

"மிஷினு நம்ம வயலத் தாண்டிப் போவுது. நான் நில்லுன்னு கையக் காட்டுறேன், அந்த டிரைவர் எனக்கு டாட்டா காட்டிட்டுப் போறாரு!"

பதறிப்போய்ப் பட்டியலைத் திறந்தேன். எங்கள் வட்டாரத்துக்கு ஒரே ஒரு பதிவு இருந்தது. பெயர், கடைத்தெரு செல்போன் கடை. படத்தில் கடைக்காரர் பாய் பல் தெரியச் சிரித்தார். செயலியின் உள்குறிப்புகளைத் தோண்டினால், விடிந்ததிலிருந்து அந்த ஒரே கணக்கிலிருந்து பத்தொன்பது வயல்களுக்கு மெஷின் கேட்கப்பட்டிருந்தது. கடைசி ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் என் விதி விழுங்கியிருந்தது.

யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். கோபம் தலைக்கேற, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

"பாய், உங்களுக்கு எத்தன வேலி நிலம் இருக்கு?"

"நிலமா? வீட்டுல ஒரு மருதாணிச் செடி இருக்கு. அதுவும் தொட்டியிலம்மா."

பத்தொன்பது வயலைச் சொன்னேன். குற்ற உணர்ச்சியே இல்லாமல் விளக்கினார். "புது போன் வாங்குறவங்க, 'வீடியோ பாக்கணும், நீங்களே எதாச்சும் போட்டுக் குடுங்க பாய்'னு சொல்லுவாங்க. நான் நம்ம கடைக் கணக்கையே போட்டுக் குடுத்துருவேன். நல்லாத்தான பாத்துகிட்டு இருக்காங்க?"

என் முகத்தில் அசடு வழிந்தது. அந்தக் கடையின் சமூக ஊடகப் பக்கத்தில் காதுகுத்துப் படம், கன்று போட்ட பசு, நினைவஞ்சலி என்று வந்துகொண்டே இருக்கும். பாய்க்கு எவ்வளவு பெரிய சொந்தம் என்று நானும் லைக் போட்டிருக்கிறேன். என் மாமியார் போன் வாங்கியதும் அதே கடையில்தான். ஒரே கூரைக்கடியில் இருந்துகொண்டு, அவர் போனில் யார் கணக்கு இருக்கிறது என்று ஒருநாளும் நான் பார்த்ததில்லை. ஆளுக்கொரு கணக்கு இருக்கும் என்று நானாக முடிவு செய்து, ஆழம் தெரியாமல் காலை விட்டிருக்கிறேன்.

நல்லவேளை, ஒவ்வொரு பதிவும் வந்த நேரமும் வயல் இருக்கும் இடமும் உள்குறிப்பில் அழியாமல் இருந்தன. நான் இடத்தைச் சொல்லச் சொல்ல, "மதகுப் பக்கமா? அது ரெண்டு சிம் போன் வாங்குனவரு" என்று பாய் ஆளைச் சொன்னார், ஒவ்வொருவரையும் கூப்பிட்டு உறுதியும் செய்தார். மெஷின்காரருக்குப் போன் போட்டு, நடந்ததைச் சொல்லி, நேர வரிசையில் பட்டியலைப் படித்தேன். மூன்று மெஷின்களையும் அதன்படி திருப்பிவிட்டார். முதல் பெயர் என் மாமியாருடையது. மருமகள் சலுகை காட்டினாள் என்று யாரும் வாய் திறக்க முடியாது, காபி குடிக்காமல் பதிவு போட்டவர் அவர்தானே.

மெஷின் எங்கள் வயலில் இறங்கும்போது மணி இரண்டரை. மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. மாமியார் என் பக்கம் திரும்பாமல் வரப்போரம் சிதறிய கதிரைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மெஷின் கடைசிச் சுற்று வரும்போது தூறல் விழுந்தது. நெல்லைக் களத்தில் கொட்டி, தார்ப்பாயை இழுத்து மூடவும் மழை பிடித்துக்கொண்டது. ஆறு மாவும் தப்பியது. எனக்கு உயிர் வந்தது.

மழை விட்டதும் நான் சாக்கைப் பிடிக்க, மாமியார் நெல்லை அள்ளிப் போட்டார்; அப்போது மெஷின்காரர் களத்துக்கே வந்தார். மற்றவர்களில் பாதிப் பேருக்கு அறுத்தாகிவிட்டது, மீதிப் பேருக்குக் காலையில் என்றார். பிறகு தயங்கிச் சொன்னார்: "இந்தச் செயலியெல்லாம் நமக்கு ஒத்து வராதும்மா. நிறுத்திடலாம். பழையபடி போன்லயே சொல்லிக்கட்டும்."

நான் தலையாட்டத் தயாராக இருந்தேன். அதற்குள் மாமியார் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார்.

"ஏங்க, போன வருசம் ஒங்க டிரைவர் எங்க வரப்ப ஒடச்சாரு. அதுக்காவ நீங்க மிஷின வித்துப்புட்டீங்களா? தப்பு செஞ்சவ அவளே ஓடிப்போயி கண்டுபுடிச்சு, அவளே சரி பண்ணிருக்கா. காலையிலேருந்து பச்சத்தண்ணி குடிக்கல. அதெல்லாம் நிறுத்த வேணாம். சம்பாவுக்கும் நான் அதுலதான் போடுவேன்."

மெஷின்காரர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். என் கண் நிறைந்துவிட்டது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "அத்தை..." என்று ஆரம்பித்தேன்.

"என்ன நின்னுகிட்டே இருக்க? அசதியா இருந்தா அப்புடி ஒக்காரு. சாக்க நான் புடிச்சிக்கிறேன்" என்றார்.